சர்வோ டெஸ்டர்: ரேடியோ கோளாறா, வேறு கோளாறா என்று பிரித்துக் காட்டும் சின்னப் பெட்டி

ரிமோட்டில் ஓட்டும் ஆர்.சி. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் உதறினாலோ, த்ராட்டில் (வேகக் கட்டுப்பாடு) விட்டுவிட்டு வந்தாலோ, கார் திடீரென்று பேச்சு கேட்காமல் போனாலோ முதல் பழி ரேடியோமேல்தான் விழுகிறது. ரிசீவர் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புது டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் வாங்கி மாட்டுகிறார்கள். பல சமயம் அதே உதறல் புது செட்டிலும் அப்படியே தொடர்கிறது. காரணம் எளிது. கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து முன்சக்கரம் திரும்புவது வரை நடுவில் டிரான்ஸ்மிட்டர் பேட்டரி, ஸ்டியரிங் வீல் எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர், ஆன்டெனா, ரிசீவர், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., அதற்குள் இருந்து ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் பி.ஈ.சி., பிளக், ஒயர், சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டியான சர்வோ, ஸ்டியரிங் ராடு என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றில் எது மக்கர் செய்தாலும் வெளியே தெரிவது ஒரே மாதிரிதான்: சக்கரம் நடுங்கும் அல்லது அசையாது.

இந்த வரிசையை நடுவில் வெட்டி, கோளாறு எந்தப் பக்கம் என்று காட்டும் கருவிதான் சர்வோ டெஸ்டர். பல பெயர்களில், பல நிறங்களில் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் ஒரு பிராண்டை எடுத்துக்கொள்ளாமல், மூன்று மோடு கொண்ட சாதாரண வகையையும் திரை வைத்த வகையையும் இங்கே பார்க்கலாம்.

பெட்டியும் அதன் வேலையும்

சாதாரண வகை ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி அளவு. மேலே ஒரு திருகுகுமிழ், ஒரு பட்டன், மூன்று எல்.ஈ.டி. ஒரு பக்கம் மின்சாரம் உள்ளே வரும் பின்கள், எதிர்ப்பக்கம் மூன்று சர்வோ வரை மாட்டக்கூடிய பின்கள். ரிசீவர் சர்வோவுக்கு என்ன சிக்னல் அனுப்புமோ அதையே இந்தப் பெட்டி தானாகத் தயாரித்து அனுப்புகிறது. அதாவது 20 மில்லி விநாடிக்கு ஒரு பல்ஸ். அதன் அகலம் 1000 மைக்ரோ விநாடி என்றால் சர்வோ ஒரு ஓரத்துக்குப் போகும், 2000 என்றால் மறு ஓரத்துக்கு, 1500 என்றால் நடுவில் நிற்கும். ரேடியோ இல்லை, ஆன்டெனா இல்லை, பைண்ட் (டிரான்ஸ்மிட்டரோடு ரிசீவரை ஜோடி சேர்ப்பது) செய்ய வேண்டியதில்லை. ரேடியோவை முழுவதுமாக ஒதுக்கிவைத்துவிட்டு மீதியைச் சோதிக்கலாம் என்பதே இதன் பலம்.

பட்டனை அழுத்தினால் மூன்று மோடுகள் மாறி மாறி வரும். மேனுவலில் குமிழைத் திருப்பும் அளவுக்குச் சர்வோ திரும்பும். நியூட்ரலில் சர்வோ நேராக 1500க்கு வந்து நிற்கும். ஆட்டோவில் பெட்டியே சர்வோவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிக்கொண்டே இருக்கும்.

பின்களில் பிளஸ், மைனஸ், சிக்னல் எது என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும். சர்வோ ஒயரில் கறுப்பு அல்லது பழுப்பு மைனஸ், நடுவில் உள்ள சிவப்பு பிளஸ், வெள்ளை அல்லது மஞ்சள் அல்லது ஆரஞ்சு சிக்னல். பிளஸ் நடுவில் இருப்பதால் சர்வோ பிளக்கைத் திருப்பி மாட்டினாலும் பெரும்பாலும் எதுவும் எரியாது, சர்வோ அசையாமல் கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே வரும் மின்சாரத்தைத் தனி ஒயர்களால் கொடுப்பவர்கள் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் பெட்டி போய்விடும். மலிவு வகைகளில் அதைத் தடுக்கும் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பக் கூடாது.

பெட்டிக்குள் பேட்டரி கிடையாது. 4.8 முதல் 6 வோல்ட் வரை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். நான்கு ஏ.ஏ. பேட்டரி போடும் ஹோல்டர் போதும். காரின் இரண்டு செல் லிப்போ பேட்டரியை நேராக மாட்டிவிட வேண்டாம். முழு சார்ஜில் அது 8.4 வோல்ட். பெட்டி தாங்கினாலும் அதே மின்சாரம் அப்படியே சர்வோவுக்கும் போவதால் 6 வோல்ட் சர்வோ கருகும். இன்னொரு வழி, ஈ.எஸ்.சி.யின் பிளக்கை வெளியேறும் பின் ஒன்றில் மாட்டுவது. பெட்டிக்குள் பிளஸ்ஸும் மைனஸும் எல்லாப் பின்களுக்கும் பொது என்பதால் ஈ.எஸ்.சி.யின் பி.ஈ.சி. பெட்டிக்கும் மற்றச் சர்வோக்களுக்கும் மின்சாரம் கொடுத்துவிடும். அப்படிச் செய்யும்போது ஏ.ஏ. ஹோல்டரைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு மின்மூலம் ஒரே நேரத்தில் ஒரே கம்பியில் மோதக் கூடாது.

சர்வோவைச் சோதிக்கும்போது

ஸ்டியரிங் சர்வோவைச் சோதிக்கும் முன் சர்வோவின் அச்சில் மாட்டியிருக்கும் கை போன்ற ஹார்னிலிருந்து ஸ்டியரிங் ராடைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான கார்களில் பால் லிங்க் இருப்பதால் இடுக்கியால் மெல்ல நெம்பினால் வந்துவிடும். இதைச் சோம்பலால் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், சர்வோவை எரிப்பவர்களும் அவர்கள்தான். காரின் ஸ்டியரிங் ஓரிடத்துக்குமேல் திரும்பாது. டெஸ்டருக்கு அந்த எல்லை தெரியாது, அது 1000 முதல் 2000 வரை முழுதாகத் தள்ளும். ராடு மாட்டியபடி ஆட்டோ மோடில் விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சர்வோ முட்டி நின்று முழு மின்னோட்டத்தை இழுக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் உறை சுடத் தொடங்கும். பிளாஸ்டிக் கியர் என்றால் பல் முறியும்.

ராடு கழன்றதும் மேனுவல் மோடில் வைத்து, குமிழை மிக மெதுவாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பத்து விநாடி எடுத்துக்கொண்டு திருப்புங்கள். கண் ஹார்னின் நுனியில் இருக்கட்டும். நல்ல சர்வோவின் ஹார்ன் கடிகார முள்போலச் சீராக நகரும். தேய்ந்த சர்வோ நடுப்பகுதிக்கு வரும்போது ஒரு நொடி தயங்கி, விசுக்கென்று ஒரு மில்லிமீட்டர் துள்ளி, அங்கேயே இப்படியும் அப்படியும் நடுங்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் நடுக்கம் அடங்கிவிடும். இந்த ஒரு காட்சிக்காகவே டெஸ்டர் வாங்கலாம். சர்வோவுக்குள் தன் இருப்பிடத்தை அறிய ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கிறது. கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் அதன் கார்பன் தடம் நடுவில்தான் அதிகம் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் சர்வோவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, தேடித் தேடி உதறும். ஓட்டுபவருக்கு அது அச்சு அசலாக ரேடியோ குறுக்கீடு போலத் தெரியும். நேரே போகும்போது நடுக்கம், வளைவில் நடுக்கம் இல்லை என்று ஒருவர் சொன்னால் ரிசீவரைத் தொடும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

துள்ளல் நடுவில் இல்லாமல் எங்கோ ஓரிடத்தில் மட்டும் வந்து, கூடவே கரக்கென்ற ஒலியும் கேட்டால் அது கியர் பல். ஹார்ன் அசையாமல் உள்ளே மோட்டார் மட்டும் சுற்றும் ஒலி கேட்டாலும் கியர்தான். ஒலியே இல்லை, ஹார்னைக் கையால் எளிதாகத் திருப்ப முடிகிறது என்றால் மின்சாரம் போகவில்லை அல்லது உள்ளிருக்கும் போர்டு செத்துவிட்டது. ஒயர் பிளக்கைவிட்டு வெளிவரும் இடத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். அங்கே லூஸ் காண்டாக்ட் இருந்தால் சர்வோ ஒரு கணம் உயிர் பெற்று அடங்கும். டிஜிட்டல் சர்வோ நின்றபடி லேசாக முனகுவது கோளாறு இல்லை. அது தன் இடத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒலி.

டெஸ்டரில் சர்வோ சீராக ஓடுகிறது, ராடை மாட்டியதும் உதறுகிறது என்றால் பழுது இயந்திரப் பகுதியில். ராடு கழன்ற நிலையில் முன்சக்கரங்களைக் கையால் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பிடிப்பு இல்லாமல் திரும்ப வேண்டும். பிடித்தால், சக்கரம் திரும்பும் மூட்டான ஸ்டியரிங் பிவட்டில் மண் ஏறியிருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு திருகை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள்.

ட்ரிம் (நேராக ஓடுவதற்கான நுண் திருத்தம்) நிற்கவே மாட்டேன் என்கிறது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேர் மாறுகிறது என்ற புகாருக்கு நியூட்ரல் மோடு நல்ல பதில். சர்வோவை நியூட்ரலில் நிறுத்தி, ஹார்னைக் கழற்றி நேராக மாட்டித் திருகை இறுக்குங்கள். பிறகு ஹார்னைக் கையால் லேசாக அழுத்திப் பார்த்தால் அது அச்சின்மேல் நழுவுகிறதா என்று தெரியும். அச்சின் பல் எண்ணிக்கை ஃபுடாபா வகையில் 25, சான்வா, கே.ஓ. வகைகளில் 23, ஹைடெக்கின் பழைய சர்வோக்களில் 24. தவறான ஹார்னை அழுத்திப் பொருத்தினால் பிளாஸ்டிக் பல் நசுங்கி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு பல் நழுவிக்கொண்டே இருக்கும். ரிமோட்டில் ட்ரிம்மை எவ்வளவு மாற்றினாலும் அது சரியாகாது.

ஈ.எஸ்.சி.யோடு பயன்படுத்தும்போது

த்ராட்டில் பக்கம் டெஸ்டரைப் பயன்படுத்தும் முன் நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி காரை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். மோட்டார் அச்சிலிருக்கும் பினியன் கியரை நகர்த்திவைத்தால் இன்னும் நல்லது. பெட்டியை நியூட்ரலில் வைத்துவிட்டு ஈ.எஸ்.சி.யை ஆன் செய்ய வேண்டும். நியூட்ரல் சிக்னல் கிடைக்காதவரை பெரும்பாலான ஈ.எஸ்.சி. மோட்டாருக்கு மின்சாரம் விடாது. பீப் ஒலித்து அது தயாரானதும் மேனுவலுக்கு மாற்றும் முன் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குமிழ் ஓரத்தில் இருக்கும்போது மோடை மாற்றினால் மோட்டார் அந்தக் கணமே முழு வேகத்தில் பாயும். ஆட்டோ மோடை ஈ.எஸ்.சி.யோடு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. முழு முன்வேகத்திலிருந்து பின்வேகத்துக்கு இடைவிடாமல் ஓட்டும். கியரும் தாங்காது, ஈ.எஸ்.சி.யும் தாங்காது.

குமிழைத் திருப்ப மோட்டார் ஒழுங்காக ஓடினால் ஈ.எஸ்.சி.யும் மோட்டாரும் நலம், கோளாறு ரிசீவர் பக்கம். ஓடவில்லை என்றால், பேட்டரி மின்னழுத்தம் இறங்கியதும் மோட்டாரைத் தடுக்கும் லிப்போ கட்ஆஃபைப் பாருங்கள். நிக்கல் பேட்டரி போட்டுவிட்டு ஈ.எஸ்.சி.யை லிப்போ மோடிலேயே விட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அது மின்சாரத்தைக் குறைத்துவிடும், அதையும் ரேடியோ தூரம் போதவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு.

ஒரு தவறான பயன்பாட்டைச் சொல்லியாக வேண்டும். டிரிகரின் (வேகத்துக்கான விசை) நடுவையும் கோடிகளையும் ஈ.எஸ்.சி.க்குப் பழக்கும் த்ராட்டில் கேலிபரேஷனைச் சிலர் டெஸ்டரை வைத்தே முடித்துவிடுகிறார்கள். டெஸ்டரின் 1000, 1500, 2000 என்பதும் உங்கள் டிரான்ஸ்மிட்டர் டிரிகரின் கோடிகளும் ஒன்றாக இருப்பதில்லை. நியூட்ரல் 20 மைக்ரோ விநாடி தள்ளியிருந்தாலே சில ஈ.எஸ்.சி. ஆயத்தமாகாமல் அடம்பிடிக்கும் அல்லது கார் தானாக ஊர்ந்துகொண்டிருக்கும். கேலிபரேஷனை எந்த டிரான்ஸ்மிட்டரோடு ஓட்டப்போகிறீர்களோ அதோடுதான் செய்ய வேண்டும்.

டெஸ்டரில் எல்லாம் சரி, ரிசீவரில் மாட்டினால் மட்டும் கோளாறு

இப்போது சந்தேகம் மூன்றே இடத்தில்: டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், ரிசீவருக்குப் போகும் மின்சாரம். இங்கே டெஸ்டரே தேவையில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஈ.எஸ்.சி. பிளக்கின் சிக்னல் மோட்டாரை ஓட்டிவிடாதபடி மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் சர்வோவை ரிசீவரின் 2ஆம் சேனலிலும் (வழக்கமாக த்ராட்டிலுக்கு உரிய இணைப்பு) ஈ.எஸ்.சி.யை 1ஆம் சேனலிலும் மாற்றி மாட்டுங்கள். இனி டிரிகரை அழுத்தினால் ஸ்டியரிங் சர்வோ திரும்பும். 1ஆம் சேனலில் நடுங்கிய சர்வோ 2ஆம் சேனலில் நடுங்கவில்லை என்றால் பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டரின் ஸ்டியரிங் வீலுக்குப் பின்னாலிருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்தான் குற்றவாளி. தூசி என்றால் காண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு வீலை இருபது முப்பது முறை திருப்பினால் தீரும். எண்ணெய் விடக் கூடாது. இரண்டு சேனலிலும் நடுங்கினால் மின்சாரத்துக்கு வாருங்கள்.

ஆர்.சி. காரில் ரேடியோ கோளாறு என்று சொல்லப்படுவதில் மிகவும் ஏமாற்றுவது இந்த மின்சாரக் கோளாறுதான். ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தனி பேட்டரி இல்லை. ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.ஈ.சி. பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 அல்லது 6 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. தொடக்கநிலை பிரஷ்டு (கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கான) ஈ.எஸ்.சி.களில் இது 1 முதல் 2 ஆம்பியர்தான் தாங்கும். அந்தக் காரில் 20 கிலோ முறுக்குவிசை சர்வோவை மாட்டிவிடுகிறார்கள். அது முட்டி நிற்கும்போது 3 ஆம்பியர் வரை கேட்கும். பி.ஈ.சி. திணறி மின்னழுத்தம் சரியும். ரிசீவர் தன் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனதும் அணைந்து மறுபடி தொடங்கி, டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கும்வரை கார் யார் பேச்சும் கேட்காது. கல்லில் சக்கரம் சிக்கியபோதோ, வேகத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோதோ கட்டுப்பாடு போகிறது, சில நொடியில் திரும்பி வருகிறது என்றால் இதுவாகத்தான் இருக்கும். சில ரிசீவர்கள் இப்படி அணைந்து எழுந்ததை எல்.ஈ.டி.யை மினுக்கிக் காட்டும். நிகழ்ந்ததும் காரை அணைக்காமல் எடுத்து ரிசீவர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

சாதாரண டெஸ்டரின் பெரிய குறை இங்கேதான் தெரிகிறது. அதில் மின்னழுத்தம் காட்டும் வசதி இல்லை. மல்டிமீட்டர் வேண்டும். ரிசீவரின் காலிச் சேனலில் ஒரு சர்வோ எக்ஸ்டென்ஷன் ஒயரை மாட்டி, மறுமுனையின் பிளஸ், மைனஸில் மீட்டரை வைத்து, சக்கரங்களைத் தரையில் அழுத்திப் பிடித்தபடி ஸ்டியரிங்கை இடவலமாக வேகமாகத் திருப்புங்கள். 6 வோல்ட் காட்டியது 5.7க்கு வந்து திரும்பினால் கவலையில்லை. 4.5க்குக் கீழே தொட்டாலே பி.ஈ.சி. போதவில்லை. மீட்டர் மெதுவானது, கண்ணிமைக்கும் நேரச் சரிவுகளைத் தவறவிடும் என்பதால் உண்மையான சரிவு நீங்கள் பார்த்ததைவிட ஆழமாக இருக்கும். குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் பட்டன் மீட்டரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

உறுதிப்படுத்த ஒரு வழி. ஈ.எஸ்.சி. பிளக்கின் நடுப் பின்னைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் மெல்லத் தூக்கி, சிவப்பு ஒயரைப் பின்னோடு வெளியே இழுத்து டேப் சுற்றிவிடுங்கள். டெஸ்டருக்கு வாங்கிய நான்கு ஏ.ஏ. ஹோல்டரை ரிசீவரின் பேட்டரி பின்னில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். உதறல் மறைந்தால் வழக்கு முடிந்தது. புது ரேடியோ வேண்டாம், வெளிப்புற பி.ஈ.சி. ஒன்று போதும். ஸ்விட்சிங் வகையாக, தொடர்ச்சியாக 5 ஆம்பியர் தரக்கூடியதாக எடுத்தால் பெரிய சர்வோவுக்கும் தாராளம். லீனியர் வகை வெப்பமாக வீணாக்கும். மூன்று செல் லிப்போவின் 12.6 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி 1 ஆம்பியர் கொடுத்தால் 7.6 வாட் அந்தச் சின்னச் சிப்பில் சூடாக நிற்கும். வெளிப்புற பி.ஈ.சி. மாட்டியபின் ஈ.எஸ்.சி.யின் சிவப்பு ஒயர் கழன்றேதான் இருக்க வேண்டும்.

ரிசீவரின் காலிச் சேனலில் மாட்டும் கெபாசிட்டரையும் இதற்கு மருந்தாகப் பலர் பரிந்துரைக்கிறார்கள். 16 வோல்ட், 4700 மைக்ரோ ஃபாரட் என்பது வழக்கமான அளவு. அது 3 ஆம்பியர் பற்றாக்குறையை 1.5 வோல்ட் சரிவுக்குள் தாங்கும் நேரம் ஏறத்தாழ 2 மில்லி விநாடிதான். சர்வோ திடீரென்று கிளம்பும் நொடியின் கூர்மையான சரிவை அது நிரப்பும். சர்வோ முட்டி அரை நொடி நின்றால் அதனால் ஒன்றும் ஆகாது. போதாத பி.ஈ.சி.க்குக் கெபாசிட்டர் மாற்று இல்லை. மாட்டுவதென்றால் உறையில் கோடு போட்டிருக்கும் கால் மைனஸ், திருப்பி மாட்டினால் வெடிக்கும்.

மின்சாரமும் சரி என்றால்தான் ரேடியோ

இங்கே சாதாரண டெஸ்டருக்கு வேலை இல்லை. டிரான்ஸ்மிட்டர் பேட்டரி, பைண்ட், ஆன்டெனா, இந்த வரிசையில் பாருங்கள். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5 வோல்ட். நான்கு செல் டிரான்ஸ்மிட்டரில் அது 4.8க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு. நிக்கல் போட்டால் குறைந்த மின்னழுத்த எச்சரிக்கை சீக்கிரமே கூவும்.

ரிசீவர் எல்.ஈ.டி. மினுக்கிக்கொண்டே இருந்தால் பைண்ட் ஆகவில்லை. பெரும்பாலான செட்களில் பைண்ட் பிளக்கை ரிசீவரில் மாட்டி மின்சாரம் கொடுத்தால் எல்.ஈ.டி. வேகமாக மினுக்கும். டிரான்ஸ்மிட்டரின் பைண்ட் பட்டனை அழுத்தியபடியே ஆன் செய்தால் மினுக்கல் நின்று ஒளி நிலைக்கும் அல்லது மெதுவாகும். பிறகு பிளக்கை எடுத்துவிட்டு இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பிளக்கை எடுக்க மறந்தால் அடுத்த முறை ஆன் செய்யும்போது ரிசீவர் மறுபடி பைண்ட் நிலைக்கே போகும். எவ்வளவு முயன்றாலும் பைண்ட் ஆகவில்லை என்றால் இரண்டும் பேசிக்கொள்ளும் நெறிமுறை பொருந்துகிறதா என்று பாருங்கள். ஃப்ளைஸ்கையின் ஏ.எஃப்.எச்.டி.எஸ். மட்டும் தெரிந்த டிரான்ஸ்மிட்டரோடு ஏ.எஃப்.எச்.டி.எஸ். 2ஏ ரிசீவர் பேசாது, இரண்டும் ஒரே நிறுவனம் என்றாலும். நினைவகம் உள்ள டிரான்ஸ்மிட்டர்களில் வேறு காரின் மாடல் தேர்வாகி இருப்பதும் உண்டு. ட்ரிம், ரிவர்ஸ், எண்ட் பாயிண்ட் (திரும்பும் எல்லை) எல்லாம் வேறாக இருக்கும், பார்ப்பவருக்குக் கோளாறு போலத் தோன்றும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் வேலை செய்வது ஒயரின் நுனியில் மேலுறைக் கவசம் இல்லாத ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் மட்டுமே. அது அலைநீளத்தில் கால் பங்கு. மீதி ஒயர் வெறும் வழித்தடம். அந்த 31 மில்லிமீட்டர் நசுங்கினாலோ, பாதி அறுந்தாலோ, கார்பன் ஃபைபர் சேஸிஸ்மேலோ மோட்டார் ஒயர் பக்கத்திலோ படுத்துக்கிடந்தாலோ தூரம் குறையும். குழாயில் நுழைத்து நிமிர்த்தி நிறுத்துங்கள். குழாயின் மூடி கழன்று, நுனி வெளியே நீட்டிக்கொண்டு, உருளும்போதெல்லாம் தரையில் உரசித் தேய்ந்த ஆன்டெனாக்களைப் பழைய கார்களில் அடிக்கடி பார்க்கலாம்.

27 மெகாஹெர்ட்ஸ் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு செய்தி. ரிசீவரின் நீண்ட ஆன்டெனா ஒயரை வெட்டவோ சுருட்டவோ கூடாது. பிரஷ்டு மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் உலோக உறைக்கு ஒன்று என்று 104 என அச்சிட்ட மூன்று 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்கள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்குவதற்கு அவை உதிர்ந்திருப்பதே வழக்கமான காரணம்.

திரை வைத்த டெஸ்டர் வாங்கலாமா?

சாதாரண வகையில் குமிழ் எங்கே நிற்கிறது, என்ன அகலப் பல்ஸ் போகிறது என்று எண்ணாகத் தெரியாது. திரை வகை 1487, 1523 என்று மைக்ரோ விநாடியில் காட்டும். மின்னழுத்தம் காட்டுபவையும் உண்டு. சிலவற்றில் 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 333 வரை மாற்றலாம் என்றாலும் அதை டிஜிட்டல் சர்வோவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பழைய அனலாக் சர்வோ அந்த வேகத்தில் சூடாகி வீணாகும்.

எல்லாவற்றையும்விட மதிப்புள்ள வசதி, சில மாதிரிகளில் இருக்கும் அளக்கும் மோடு. ரிசீவரின் சேனலிலிருந்து வரும் பல்ஸை உள்ளே வாங்கி அதன் அகலத்தைக் காட்டும். வீலைத் தொடாதபோது எண் 1500, 1501 என்று நின்றால் ரேடியோ பக்கம் முழுவதும் சுத்தம். 1500க்கும் 1540க்கும் தாவிக்கொண்டிருந்தால் டிரான்ஸ்மிட்டர் பொட்டென்ஷியோமீட்டர். வீலைச் சுற்றும்போது எண் ஓரிடத்தில் மட்டும் எகிறினாலும் அதே பொருள். எண் அவ்வப்போது மறைந்து திரும்பினால் இணைப்பு அறுகிறது. சர்வோவைப் பார்த்து ஊகிக்க வேண்டியதை இது நேராகப் படித்துச் சொல்கிறது. ஒரே ஒரு கார், அதுவும் எப்போதாவது ஓட்டுபவருக்குச் சாதாரண வகையும் ஒரு மல்டிமீட்டரும் தாராளம். இரண்டு மூன்று கார் வைத்துச் சொந்தமாகப் பழுது பார்ப்பவர் நேராக அளக்கும் மோடு உள்ளதையே எடுப்பது நல்லது, பின்னால் மறுபடி வாங்க வேண்டியிருக்காது. வாங்கும் முன் விவரப் பட்டியலில் அந்த மோடு இருப்பதாகத் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். திரை இருப்பதெல்லாம் அளக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு வகையிலும் இருக்கும் பொதுவான பலவீனம் பின்கள். அடிக்கடி மாட்டிக் கழற்றும்போது போர்டில் அவற்றின் சால்டர் விரிசல் விட்டு, டெஸ்டரே லூஸ் காண்டாக்ட் காட்டத் தொடங்கும். அப்போது நல்ல சர்வோவையும் கெட்டது என்று சொல்லும். அதனால் நிச்சயமாக நன்றாக இருக்கும் ஒரு சர்வோவைத் தனியே வைத்துக்கொண்டு, எதையும் குற்றம்சாட்டும் முன் அதை ஒருமுறை டெஸ்டரில் மாட்டிப் பாருங்கள். பிளக்கை ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்துக் கழற்றினால் இரண்டு பக்கமும் நீடிக்கும்.

பழுதைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் மறுபடி ரிசீவரில் மாட்டியபின் செய்ய வேண்டிய ஒரு சோதனையை எந்த டெஸ்டரும் செய்து தராது: ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் கார் தானாக நிற்கிறதா என்பது. காரை ஸ்டாண்டில் ஏற்றி, டிரான்ஸ்மிட்டரை முதலில் ஆன் செய்து, பிறகு காரை ஆன் செய்யுங்கள். டிரிகரைக் கால்வாசி அழுத்திச் சக்கரம் சுற்றும்போதே டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சக்கரம் ஒரு நொடிக்குள் நிற்க வேண்டும். தொடர்ந்து சுற்றினால் ரிசீவர் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். டிரான்ஸ்மிட்டர் மெனுவிலோ ரிசீவரின் பட்டனிலோ த்ராட்டிலை நியூட்ரலாக அல்லது பிரேக்காகப் பதிவு செய்து, மறுபடி அணைத்துப் பாருங்கள். சக்கரம் நின்ற பிறகு மட்டும் காரைத் தரையில் இறக்குங்கள்.